100 ரூபா 250 ரூபாவாகும் கணக்கு

இந்தப் பத்தியில் நான் வழமையாக எழுதுவது கடன், கொள்வனவு, களஞ்சியம், கடை வாடகை என்று நமது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலுள்ள விடயங்களைத்தான். இம்முறை வானத்தைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் இல்லாமல் இல்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலைப் பகுதிகளில் கடைகளும் களஞ்சியங்களும் நீரில் மூழ்கின. அடுத்த ஆண்டு, 2017 மே மாதத்தில், இரத்தினபுரியும் களுத்துறையும் மாத்தறையும் அதே கதிக்கு ஆளாகின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்துக்கொண்டதுடன், மலைநாட்டு நகரங்களில் எத்தனையோ வியாபாரிகளின் வாழ்நாள் சேமிப்பையும் சேற்றில் புதைத்துவிட்டுப் போனது.

ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு நாம் கேட்பது ஒரே சொல்: காலநிலை மாற்றம். வானொலியில் சொல்கிறார்கள், அமைச்சர்கள் சொல்கிறார்கள், இப்போது நமது சிட்டைக்காரப் பையன்களும் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நமக்கு எவரும் விரித்துக் காட்டுவதில்லை. உண்மையில் அது பௌதிகப் பேராசிரியரை விட ஒரு கடைக்காரருக்கு இலகுவில் விளங்கக்கூடிய கணக்கு என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சூரிய ஒளி வளிமண்டலத்தினூடாக வந்து தரையையும் கடலையும் சூடாக்குகின்றது. சூடான தரை அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களாக மீண்டும் மேலே அனுப்புகின்றது. வரவும் செலவும் சமமானால் வெப்பநிலை மாறாது. நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற சில வாயுக்கள் மேலே போகும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்தப் போர்வை இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே சுமார் 18 பாகை செல்சியஸாக இருக்கும். போர்வை இருப்பதால் அது பூச்சியத்திற்கு மேலே சுமார் 15 பாகையாக இருக்கிறது. ஆகவே போர்வை நல்லதுதான். அதன் தடிப்புக் கூடிக்கொண்டே போவதில்தான் பிரச்சினை.

அக்குறணையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “தம்பி, காத்துல பத்தாயிரத்துக்கு நாலு பங்குதானே அந்தக் காபன். அது கூடினா என்ன, குறைஞ்சா என்ன?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு 2024இல் சுமார் 424 பங்காகியுள்ளது. ஹாஜியார் சொன்ன பத்தாயிரத்துக்கு நாலு அதுதான். ஆனால் உலர்ந்த காற்றில் 99 வீதம் நைதரசனும் ஒட்சிசனும். இவை இரண்டும் செங்கீழ்க் கதிர்களைப் பிடிப்பதே இல்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை அவை இருந்தும் இல்லாத மாதிரி. பத்தாயிரம் பேர் நடமாடும் சந்தையில் சாமான் வாங்குபவர்கள் நாலு பேர்தான் என்றால், அன்றைய வியாபாரத்தைத் தீர்மானிப்பவர்கள் அந்த நாலு பேரே. அவர்கள் ஆறு பேரானால் கல்லாவில் வித்தியாசம் தெரியும். மற்ற 9,996 பேரின் எண்ணிக்கையைக் காட்டி அதை மறுக்க முடியாது.

இது நேற்று முளைத்த கதையுமல்ல. காபனீரொட்சைட்டு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றதை விட அதிகம் சூடாவதை 1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி பரிசோதித்துக் காட்டினார். 1859இல் ஜோன் டிண்டல் இலண்டனில் எந்த வாயு வெப்பக் கதிரைப் பிடிக்கிறது, எது பிடிப்பதில்லை என்று அளந்தார். 1896இல் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ஹீனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, இந்த வாயு இரட்டிப்பானால் பூமி 5 அல்லது 6 பாகை சூடாகும் என்றார். இன்றைய கணிப்பை விட அது அதிகம். ஆயினும் கணினி இல்லாத காலத்தில், கணக்கின் உருவத்தை அவர் சரியாகப் பிடித்திருந்தார். குளிர் நாட்டுக்காரரான அவருக்கு உலகம் சூடாவது நல்ல செய்தியாகவே பட்டது என்பது வேறு விடயம்.

முதல் போடுவது நாம், பங்கு சேர்ப்பது பூமி

இனித்தான் முக்கியமான இடம். காபனீரொட்சைட்டு 280இலிருந்து 560 ஆக இரட்டிப்பானால், வேறு எதுவும் மாறாத நிலையில் பூமி எவ்வளவு சூடாகும்? சுமார் 1.2 பாகை. இதில் விஞ்ஞானிகளிடையே பெரிய தகராறு கிடையாது. “அவ்வளவுதானா, மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினால் போச்சே” என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழுவான ஐ.பீ.சீ.சீ. 2021இல் வெளியிட்ட அறிக்கை 3 பாகை என்கிறது. மீதி 1.8 பாகை எங்கிருந்து வந்தது?

அந்த மீதியைத் தருவது பூமிதான். விஞ்ஞானிகள் இதற்குப் பின்னூட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் ஏற்படும் வெப்பம் பூமியில் சில மாற்றங்களை உண்டாக்குகிறது. அந்த மாற்றங்களே மேலும் வெப்பத்தைத் தருகின்றன. அந்த வெப்பம் மீண்டும் மாற்றத்தை உண்டாக்குகிறது.

நமது பாஷையில் சொல்வதென்றால் இப்படி. உங்கள் கையில் 100 ரூபா லாபம் வருகிறது. அதைச் செலவழிக்காமல் சரக்குப் போடுகிறீர்கள். அது 60 ரூபா லாபம் தருகிறது. அந்த 60ஐப் போட 36 வருகிறது. 36ஐப் போட 21 ரூபா 60 சதம். பிறகு 12 ரூபா சொச்சம், 7 ரூபா சொச்சம் என்று சுருங்கிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 100 ரூபா 250 ரூபாவில் வந்து நிற்கும். காபன் தரும் 1.2 பாகை 3 பாகையாவதும் இதே கணக்குத்தான்: 1.2 பெருக்கல் 2.5.

அந்த 60 வீதத்தைத் தருபவர்கள் யார்?

பெரிய பங்காளி நீராவி. காற்று ஒரு பாகை சூடானால் அதனால் சுமார் 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கிக்கொள்ள முடியும். கடலில் இருந்து அந்த நீராவி தானாக எழும்புகிறது. நீராவியே வெப்பத்தைப் பிடிக்கும் வாயு என்பதால் காற்று மேலும் சூடாகிறது. மேலும் நீராவி எழும்புகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகக் கணினியில் போட்டவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த சியுகுரோ மனாபே. 1967இல் அவரும் ரிச்சர்ட் வெதரால்டும் வெளியிட்ட கட்டுரை, காபனீரொட்சைட்டு இரட்டிப்பானால் 2.3 பாகை சூடாகும் என்றது. அதற்கெல்லாம் சேர்த்து 2021இல் மனாபேக்கு பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 54 வருடம் கழித்து வசூலான கடன் என்று சொல்லலாம்.

இங்கே சிலர் ஒரு வாதத்தைக் கொண்டுவருவார்கள். “போர்வையில் பாதி நீராவிதானே, காபன் ஐந்தில் ஒரு பங்குதானே, பிறகு ஏன் காபனை மட்டும் குற்றஞ்சாட்டுகிறீர்கள்?” என்பார்கள். அந்தக் கணக்குச் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. ஆவியாகி மேலே போகும் நீர் ஏறக்குறைய ஒன்பது பத்து நாளில் மழையாகக் கீழே விழுந்துவிடும். நாம் புகைத்த காபனீரொட்சைட்டில் ஒரு பெரும் பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் நிற்கும். நீராவி இன்று வந்து நாளை போகும் சில்லறை. காபன் கடையில் போட்ட முதல். முதலைப் பொறுத்துத்தான் சில்லறைப் புழக்கம் கூடும், குறையும். 2010இல் நாசாவின் அன்ட்ரூ லேசிஸ் குழுவினர் கணினியில் காபனீரொட்சைட்டையும் அது போன்ற நீடித்து நிற்கும் வாயுக்களையும் அகற்றிப் பார்த்தார்கள். நீராவியை அவர்கள் தொடவில்லை. ஆனாலும் குளிரில் அது தானாக உறைந்து விழுந்து, சில பத்தாண்டுகளில் பூமி ஏறத்தாழ பனிக்கட்டி உருண்டையானது.

“கணினியில் என்னவும் காட்டலாம்” என்று சொல்பவர்களுக்கு 1991 ஒரு பதில். அந்த ஆண்டு ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அது மேலே கக்கிய கந்தக வாயு சூரிய ஒளியை மறைத்ததில் உலகம் சுமார் அரைப் பாகை குளிர்ந்தது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைய வேண்டும் அல்லவா? செய்மதி அளவீடுகளில் அப்படியே குறைந்திருந்தது. 2002இல் பிரையன் சோடன் குழுவினர் ஒரு படி மேலே போய், நீராவிப் பின்னூட்டலைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டபோது உண்மையில் ஏற்பட்ட அளவு குளிர்ச்சி வரவில்லை என்றும், அதைச் சேர்த்தால்தான் கணக்கு ஒத்துப்போகிறது என்றும் காட்டினார்கள். இயற்கையே இருப்புக் கணக்கெடுத்து நமக்குக் காட்டியது போலாயிற்று.

இரண்டாவது பங்காளி பனிக்கட்டி. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகிய இடத்தில் தெரியும் கருங்கடல் நீர் 6 வீதத்தளவே திருப்பி அனுப்பும். மீதியை விழுங்கிச் சூடாகும். நமது தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் கடை குளிர்வது நமக்குத் தெரியும். வட துருவத்தில் நடப்பது அந்த வெள்ளைப் பூச்சு உரிவதுதான். 1980களில் செப்டெம்பர் மாதத்தில் அங்கே சுமார் 70 இலட்சம் சதுர கிலோமீற்றர் பனி மிஞ்சியிருக்கும். 2012 செப்டெம்பரில் அது 34 இலட்சமாகக் குறைந்தது. 1979க்குப் பிந்திய காலத்தில் ஆர்ட்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது பங்காளி மேகம். இவரோடு கணக்குத் தீர்ப்பதுதான் கஷ்டம். தாழ்வான தடித்த மேகம் குடை போல நிழல் தரும். உயரத்திலுள்ள மெல்லிய மேகம் போர்வை போல வெப்பத்தைப் பிடிக்கும். உலகம் சூடாகும்போது குடை சுருங்குமா, போர்வை விரியுமா என்பதில்தான் விஞ்ஞானிகள் நீண்ட காலம் முட்டி மோதினார்கள். மொத்தத்தில் மேகமும் சூட்டைக் கூட்டும் பக்கமே சாய்கிறது என்பது 2021 அறிக்கையின் முடிவு.

மேகத்தைப் பற்றிப் பேசும்போது இறக்குமதி செய்யும் நண்பர்களுக்கு ஒரு சிறு தகவல். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவு 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைக்கப்பட வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு சட்டமாக்கியது. அந்த நாட்களில் உங்கள் சரக்குக் கட்டணப் பற்றுச்சீட்டில் குறைந்த கந்தக எரிபொருளுக்கென்று ஒரு மேலதிக வரி ஏறியது சிலருக்கு ஞாபகமிருக்கும். கப்பற் பாதைகளில் வசிக்கும் மக்களின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை. ஆனால் அந்தக் கந்தகப் புகைதான் கடல்மேல் மேகங்களை வெண்மையாக்கி, கொஞ்சம் வெயிலைத் தடுத்துக்கொண்டும் இருந்தது. புகை குறைந்ததும் மறைந்திருந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளியே வந்தது. எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் உண்டு. இது பின்னூட்டல் அல்ல. ஆனால் இவ்வளவு காலமும் நாம் பார்த்த சூடுகூட தள்ளுபடி போன பிறகு வந்த விலைதான் என்பதை இது காட்டுகிறது.

இவர்களைத் தவிர கடலும் நிலமும் இருக்கின்றன. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் இவை இரண்டும் உறிஞ்சிவிடுகின்றன. சம்பளமில்லாத இரண்டு வேலையாட்கள். ஆனால் சோடா போத்தலை வெயிலில் வைத்துத் திறந்தால் என்ன நடக்கும் என்பது எந்தத் தேநீர்க் கடைப் பையனுக்கும் தெரியும். சூடான நீர் வாயுவைத் தாங்காது. கடல் சூடாகச் சூடாக அது உறிஞ்சும் திறன் குறைகிறது. சைபீரியா, அலாஸ்கா, வட கனடா ஆகிய இடங்களில் உறைந்து கிடக்கும் நிலத்தில் ஏறக்குறைய 1,500 பில்லியன் தொன் காபன் அடைபட்டுள்ளது. இது காற்றிலுள்ள காபனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நிலம் இளகும்போது அதில் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகவும் மெதேனாகவும் வெளியேறும். சில பத்திரிகைகள் இதை “மெதேன் குண்டு” என்று எழுதுகின்றன. அது மிகை. ஒரு நாளில் வெடிக்கும் குண்டாக அல்ல, பத்தாண்டுக் கணக்கில் ஒழுகும் தாங்கியாகவே பெரும்பாலான விஞ்ஞானிகள் அதைப் பார்க்கிறார்கள். ஒழுகும் தாங்கியும் நட்டந்தான்.

அப்படியானால் பூமி கட்டுப்பாடில்லாமல் சூடாகிக்கொண்டே போகுமா? போகாது. சூடான பொருள் அதிக வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது இயற்கையின் சட்டம். நமது உதாரணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 100க்கு 100 வராமல் 60 மட்டும் வருவது அந்தச் செலவு இருப்பதால்தான். 100க்கு 100 வந்தால் கணக்குக்கு முடிவே இல்லை. வெள்ளிக் கிரகத்தில் நடந்தது அது போன்ற ஒன்று என்கிறார்கள். அங்கே இப்போது 460 பாகைக்கு மேல். பூமி அந்தப் பாதையில் இல்லை.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது?

நான் சொல்ல வந்ததில் வியாபாரிக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். அந்த 60 என்ற எண் துல்லியமானதல்ல. மேகத்தின் குழப்பத்தால் அது கொஞ்சம் கூடலாம், குறையலாம். 1979இல் ஜூல் சார்ணியின் தலைமையில் அமெரிக்க விஞ்ஞானிகள் கூடி, இரட்டிப்புக்கு 1.5 முதல் 4.5 பாகை என்றார்கள். எத்தனையோ செய்மதிகளும் கணினிகளும் வந்த பிறகும், 2013 அறிக்கையில் அதே 1.5 முதல் 4.5 தான். 2021இல்தான் அது 2.5 முதல் 4 வரை என்று ஒடுங்கியது. “நாற்பது வருடமாக ஒரு விலை சொல்லத் தெரியாதவர்களை எப்படி நம்புவது?” என்று கேட்பவர்கள் உண்டு.

எங்கள் 100 ரூபாவுக்கே திரும்பி வருவோம். 60க்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றிலும் 50 வீதம் வந்தால் மொத்தம் 200. 60 வந்தால் 250. 70 வந்தால் 333. 80 வந்தால் 500. இப்போது பாகையில் பாருங்கள்: 50க்கு 2.4 பாகை, 60க்கு 3, 70க்கு 4, 80க்கு 6. கீழே 10 தவறினால் மிச்சம் 0.6 பாகை. மேலே 10 தவறினால் நட்டம் 1 பாகை. மேலே 20 தவறினால் 3 பாகை. பிழை இரு பக்கமும் சமமாக இருந்தாலும் அதன் விளைவு சமமாக இல்லை. 2007இல் ஜெராட் ரோ, மார்சியா பேக்கர் என்ற இரு விஞ்ஞானிகள் இதை எடுத்துக்காட்டினார்கள்.

ஆகவே, “விஞ்ஞானிகளுக்கே நிச்சயமில்லை, ஆகவே பயப்படத் தேவையில்லை” என்ற பேச்சு வியாபார அறிவுக்கு ஒத்துவராது. ஒருவருக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கிறோம். அவர் திருப்பித் தருவது நிச்சயமில்லை என்றால் நாம் கூடுதலாகவா கொடுப்போம்? குறைத்துத்தானே கொடுப்போம். நிச்சயமின்மை என்பது எந்தப் பேரேட்டிலும் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படுகிறது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. உலகம் புகை விடுவதை நிறுத்தினால் வெப்பநிலை ஏறுவதும் ஏறக்குறைய அத்தோடு நிற்கும் என்பதே இன்றைய கணிப்பு. உடனே இறங்காது. ஆனால் மேலும் ஏறாது. இலங்கை விடும் புகை உலகக் கணக்கில் மிகச் சிறியது. ஆகவே அந்த முடிவு பெரும்பாலும் நமது கையில் இல்லை. நமது கையில் இருப்பது கடை மட்டுமே.

சுவரில் இருக்கும் கோடு

முன்னர் சொன்ன 7 வீதத்தை மறந்துவிட வேண்டாம். வெப்பத்தைப் பிடிக்கும் அதே நீராவிதான் மழையாகவும் விழுகிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உலகம் ஒரு பாகை சூடானால் உலகத்தின் மொத்த மழை 2 அல்லது 3 வீதமே கூடும். ஆனால் ஓர் அடைமழை கொட்டும்போது, அது கொட்டும் அளவு பெரும்பாலும் 7 வீதத்தை ஒட்டிக் கூடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். மாத விற்பனை ஏறக்குறைய அதேதான், ஆனால் அது மூன்றே நாளில் நடந்து முடிகிறது. மற்ற நாட்களில் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. மழையும் அப்படித்தான் மாறுகிறது. கொட்டினால் வெள்ளம், இல்லையென்றால் வரட்சி. நகரத்து வடிகானுக்கு ஆண்டு மழை முக்கியமல்ல. ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு விழுகிறது என்பதே முக்கியம்.

ஒரு நேர்மையான குறிப்பு. எந்த ஒரு வெள்ளத்தையும் காட்டி, இது முழுக்க காலநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. 1992 ஜூனில் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. அப்போது இதைப்பற்றி யாரும் பேசவில்லை. சதுப்பு நிலங்களை நிரப்பியதும், ஓடைக்கரை வரை கட்டடம் எழுப்பியதும், வடிகானில் பொலித்தீன் போட்டதும் நாம்தான். இதில் நமது வியாபாரிகளுக்கும் பங்கு இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். காலநிலை செய்வது, இருக்கும் பலவீனத்தின் மேல் பாரத்தைக் கூட்டுவது.

அந்த அக்குறணை ஹாஜியார் தனது கடைச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். பிங்கா ஓயா பெருகினால் அந்த ஊருக்குத் தண்ணீர் வருவது புதினமல்ல. “எங்க வாப்பா காலத்துல வந்த பெரிய தண்ணி இதுவரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு அடி விட்டுத்தான் இறாக்கை அடிச்சிருக்கேன்” என்றார். ஐம்பது வருட அனுபவத்தை வைத்து எடுத்த முடிவு. அவருடைய காலத்துக்கு மிகப் புத்தியான முடிவு. ஆனால் அந்தக் கோடு, 7 வீதம் சேர்வதற்கு முந்திய காற்று போட்ட கோடு. 2024ஆம் ஆண்டு கைத்தொழில் யுகத்துக்கு முன்னரை விட சுமார் 1.5 பாகை சூடான ஆண்டாகப் பதிவாகியது. நாளைய மழைக்கு நேற்றைய கோட்டை அளவாக வைத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் கோட்டுக்கு மேலே எவ்வளவு வரும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில், பிழை மேல்பக்கம் சாயும் என்ற கணக்கை மட்டும் மனதில் வைத்து, முடிந்தளவு உயர்த்திக் கட்டுவதே வழி. பாஸைக் கூப்பிட்டு இன்னும் இரண்டடி உயர்த்துவதற்கு வரும் செலவு, பத்து மூடை சீனி கரைந்து போவதை விடப் பெரும்பாலும் குறைவு.

சீனி, மாவு, பருப்பு, சீமெந்து போன்று நனைந்தால் ஒன்றுக்கும் உதவாத சரக்கை மேலே வையுங்கள். பிளாஸ்டிக், கண்ணாடி, பீங்கான் போன்று கழுவி விற்கக்கூடியதைக் கீழே வையுங்கள். பல கடைகளில் இது தலைகீழாக இருக்கிறது. பாரமான மூடையைத் தூக்கும் சிரமத்தால் அது தரையில் கிடக்கிறது. கடன் கொப்பிகளும் காசோலைகளும் மேசையின் அடி லாச்சியில் இருக்கக் கூடாது. வெள்ளத்தில் சரக்குப் போன பலரை எனக்குத் தெரியும். சரக்கை விட, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்குப் போனதால்தான் எழும்ப முடியாமற் போனவர்கள் அவர்களில் உண்டு. ஒரு கைத்தொலைபேசியில் வாரத்துக்கு ஒரு முறை பக்கங்களைப் படம் எடுத்து வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். புதிதாக நீண்ட காலக் குத்தகைக்குக் கடை எடுப்பவர்கள், “இங்கே தண்ணீர் வந்ததா?” என்று வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

காப்புறுதியோ தகாபுலோ, எது வைத்திருந்தாலும் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். தீக்கு மட்டும் எடுத்துவிட்டு, வெள்ளத்துக்கும் சேர்த்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அதிகம். வெள்ளமும் புயலும் அதில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது தொகை. தவணைப் பணத்தைக் குறைப்பதற்காக 50 இலட்சம் சரக்கை 25 இலட்சம் என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பாதிக் காப்புறுதி என்றால் பாதி நட்டஈடு என்ற நிபந்தனை இத்தகைய பத்திரங்களில் வழமையாக இருக்கும். 10 இலட்சம் ரூபா சரக்கு நனைந்தால், “25 இலட்சத்துக்குள்தானே, முழுவதும் கிடைக்கும்” என்று எண்ண வேண்டாம். கைக்கு வருவது 5 இலட்சமாக இருக்கும். பெருநாள் காலத்துக்கென்று வழமையை விட இரண்டு மூன்று மடங்கு சரக்கு ஏற்றும் புடவைக் கடைக்காரர்கள், அந்த மாதங்களுக்கு மட்டும் தொகையைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று முகவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.